பொங்கல் காசு ஊரிலேயே தங்கட்டும்

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும்போது, விருத்தாசலம் வட்டாரத்துச் சிறு விவசாயிக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கிறது. மானாவாரிப் புன்செயில் வரகு தலைசாய்ந்து நிற்கும். வரப்போரத்தில் மொச்சை காய்த்திருக்கும். முந்திரித் தோப்புகளில் பூ எடுக்கத் தொடங்கும். கிணறு உள்ளவர்கள் மார்கழிப் பட்டத்து நிலக்கடலை விதைப்பில் இருப்பார்கள். விடியற்காலை பஜனை, வாசலில் சாணத்தில் செருகிய பரங்கிப்பூ, பிறகு போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா என்று வரிசையாக வருகின்றன. கையிலிருக்கும் காசு கரைவதும் இதே நாட்களில்தான்.

விழாவைக் குறைத்தால் கடன் குறையும் என்று அறிவுரை சொல்வது வழக்கம். கந்துவட்டிக்கு வாங்கிக் கொண்டாடுகிறவருக்கு அது பொருந்தும். மற்றவர்கள் பார்க்க வேண்டியது, செலவழித்த காசு யார் கைக்குப் போகிறது என்பதை. பொங்கலுக்கு எவர்சில்வர் பானை, கடையில் பாக்கெட் மாவு, வெளியூரிலிருந்து வந்த காய்கறி, பஜனைக்கு வாடகை ஒலிபெருக்கி என்று வாங்கினால், அந்தக் காசு அன்றே ஊர் எல்லையைத் தாண்டிவிடும். பக்கத்துத் தெருக் குயவரிடம் பானையும், அடுத்த கொல்லைக்காரரிடம் கிழங்கும் வாங்கினால், அதில் ஒரு பகுதி கடலைக்கோ அரிசிக்கோ மறுபடியும் விவசாயியிடமே திரும்பி வரும். விழாவைச் செலவு என்று மட்டும் பார்ப்பவர்கள், அது வாசலுக்கே வந்து நிற்கும் சந்தை என்பதைப் பார்ப்பதில்லை.

ஆனால் அந்தச் சந்தையில் ஒரே ஒருவரை நம்பி நிற்பது ஆபத்து. 2023 பொங்கலுக்கு நடந்ததைக் கரும்பு விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2022 டிசம்பரில் அரசு அறிவித்த பொங்கல் பரிசுத் தொகுப்பில் பச்சரிசியும் சர்க்கரையும் 1,000 ரூபாய் ரொக்கமும் இருந்தன. முழுக் கரும்பு இல்லை. கூட்டுறவுத் துறை கொள்முதல் செய்யும் என்று நம்பிப் பன்னீர்க் கரும்பு போட்டிருந்தவர்கள் பதறிப்போனார்கள். கடலூர் மாவட்டம் உள்படப் பல இடங்களில் போராட்டம் நடந்தது. டிசம்பர் இறுதியில் அரசு கரும்பையும் சேர்த்தது. பத்து மாதம் தண்ணீர் கட்டி, சோகை உரித்து வளர்த்த பயிரின் கதி சில நாட்கள் ஓர் அறிவிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னீர்க் கரும்பை ஆலைக்கும் அனுப்ப முடியாது. பொங்கல் கழிந்தால் அதைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. முழு ஏக்கரையும் கரும்புக்கே கொடுக்காமல் விழாவின் மற்றத் தேவைகளுக்கும் கொஞ்சம் நிலம் ஒதுக்குவது நல்லது.

அந்தத் தேவைகள் ஒன்றிரண்டல்ல. பொங்கல் குழம்புக்குப் பச்சை மொச்சை இல்லாமல் ஆகாது. பழைய மொச்சை ரகங்கள் பகல் பொழுது குறுகிய பிறகே பூக்கும். ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் காய்ப்பு ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்துவிடும். வரகிலும் கடலையிலும் இடையிடையே நாலு வரி மொச்சை விட்டால் தனிச் செலவு இல்லை. பரங்கிக்கு எருக்குழி மேடே போதும். சிறுவள்ளிக் கிழங்கு இந்தப் பக்கத்துக்கே உரிய தைமாதப் பண்டம். தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்று ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். கூட்டம் கலையும்போது பையில் சிறுவள்ளிக் கிழங்கு இல்லாமல் வீடு திரும்புகிறவர் குறைவு. சித்திரை, வைகாசியில் நட்டால் எட்டு ஒன்பது மாதத்தில் கிழங்கு தயார். மணல் கலந்த செம்மண்ணில் நன்றாக இறங்கும். விதைக் கிழங்கைக் கையில் வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்த ஆண்டு கிழங்கு வாங்குகிறவர்கள் பத்துக் கிழங்கைத் தின்னாமல் எடுத்து வைத்தால் அடுத்த சித்திரைக்கு உதவும்.

வரகு விஷயத்தில் நடப்பது இன்னும் வருத்தமானது. மங்களூர், நல்லூர் ஒன்றியங்களில் ஒருகாலத்தில் வரகுச் சோறு அன்றாட உணவு. வரகின் இடத்தைப் பிறகு மக்காச்சோளமும் பருத்தியும் பிடித்துக்கொண்டன. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் வரகரிசிக்கு மதிப்பு வந்தது. விளைவித்தவரோ களத்திலேயே உமியோடு மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக்குக் கடை அரிசி வாங்குகிறார். வரகின் உமி கெட்டியானது; களிமண் திரிகையில் அரைத்துக் குத்திப் புடைத்த பெண்களின் உழைப்பை நினைத்தால், அந்த வேலை போனதற்கு யாரும் அழ வேண்டியதில்லை. நாலைந்து ஊர் சேர்ந்து உமி நீக்கும் இயந்திரம் ஒன்று வைத்துக்கொண்டால் வீட்டுக்கும் ஆகும், விற்கவும் ஆகும். ஓர் எச்சரிக்கை: அறுவடை சமயம் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வரகைக் கிறுக்கு வரகு என்பார்கள். உண்டால் மயக்கமும் வாந்தியும் நடுக்கமும் வரும். அதை மனிதருக்கும் போடக்கூடாது, மாட்டுக்கும் போடக்கூடாது.

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்பார்கள். செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மையும் அகல் விளக்கும் மின்சார பியூஸ் கட்டையும் செய்கிறார்கள்; கார்த்திகை தீபத்துக்கு முன்பாக விளக்குகள் வெளியூர்களுக்கு லாரி ஏறுகின்றன. இந்தத் தொழிலாளர் குடும்பங்களும் உழவர் சந்தைக்கு வருகிறவர்கள்தான். அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி மார்கழிக் காலையில் பச்சைக் கடலையும் மொச்சையும் பனங்கிழங்கும் கொண்டுபோனால் இடைத்தரகர் இல்லாமல் விற்கலாம்.

பீங்கான் வேறு, குயவர் பானை வேறு. பீங்கான் 1,200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூளையில் வேகிறது. மேலே கண்ணாடிப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஊறாது. ஏரிக் களிமண் பானை அதைவிடக் குறைந்த சூட்டில் வேகிறது. அடுப்பில் ஏற்றிப் பொங்கலும் வைக்கலாம், குழம்பும் வைக்கலாம். ஒரே அகல் விளக்கைத்தான் இருவரும் செய்கிறார்கள் என்றாலும், அச்சில் வார்க்கும் பட்டறையோடு சக்கரத்தில் வனைகிற ஒற்றை ஆள் விலையில் போட்டி போட முடியாது. அவருக்குக் கடைசியாக மிஞ்சியிருப்பது பொங்கல் பானை. அதையும் எவர்சில்வர் பிடித்துக்கொண்டால் அவர் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு கட்டட வேலைக்குப் போவார்.

ஐப்பசி, கார்த்திகையில் வனைந்த பானை காயாது. சூளை மூட்டவும் முடியாது. மார்கழி முடிகிற நேரத்தில் போய்ப் பானை கேட்டால் இல்லை என்பதில் வியப்பில்லை. புரட்டாசியிலேயே இத்தனை பானை வேண்டும் என்று தெருவாகச் சேர்ந்து சொல்லி, பாதி முன்பணம் கொடுக்க வேண்டும். களத்துமேட்டில் படியளந்து கொடுத்த பழைய ஏற்பாடு திரும்ப வேண்டும் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். அதில் அளப்பவர் வைத்ததே அளவு. குயவர் கைகட்டி நின்றார். இன்று வேண்டியது பணம், சரியான விலை. வாங்கிய பானையை முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அரிசி கழுவிய நீரை ஊற்றிச் சிறுதீயில் காய்ச்சினால் பொங்கலன்று விரிசல் விடாது.

பாட்டுக்கும் இதே கணக்குதான். ஊரில் பஜனைக் குழு இருக்கும்போதே விடியற்காலை நாலு மணிக்கு ஒலிநாடாப் பாட்டை ஒலிபெருக்கியில் அலறவிடுவது பக்தி என்று சொல்ல முடியாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் அது இடைஞ்சல். வாடகைக் காசைப் பம்பை, உடுக்கை அடிக்கிறவர்களுக்குக் கொடுத்தால் அவர்கள் பிள்ளையும் அந்தக் கலையைப் பிடித்துக்கொள்ளும். கார்த்திகையில் பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி மாவலி சுற்றுவதற்குக் காசே வேண்டாம். பனைமரம் நின்றால் போதும். நடுநாட்டுச் சொற்களை மணக்கொல்லை எழுத்தாளர் கண்மணி குணசேகரன் அகராதியாகவே தொகுத்திருக்கிறார். சொல் அகராதியில் பத்திரமாக இருக்கிறது. பண்டமும் பாட்டும் தெருவில் இருந்தால்தான் உண்டு.

குயவருக்கு முன்பணத்தோடு மண்ணும் வேண்டும். ஏரி, குளங்களில் விவசாயத்துக்கு வண்டல் மண்ணும், மண்பாண்டத்துக்குக் களிமண்ணும் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும்படி 2024இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. தண்ணீர் வற்றிய கோடையில் நிலத்துக்கு வண்டல் கேட்டு மனுக் கொடுக்கும் விவசாயிகள், ஊர்க் குயவரையும் உடன் அழைத்துக்கொண்டு ஒரே நாளில் தாலுகா அலுவலகம் போய்வரலாம்.