நீராடும் நெறி

தீயும் நீரும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை. அளவறிந்து அணுகுவார்க்கு இரண்டும் நண்பர். அளவை மறந்தார்க்கு இரண்டும் பகைவர். இவற்றுள் தீயை அணுகும் முறையை மனிதன் அச்சத்தால் விரைவில் கற்றுக்கொண்டான். நீரை அணுகும் முறையையோ இன்னும் முற்றக் கற்றானில்லை. நீர் குளிர்ச்சி தருவது, தாய்போல் அணைப்பது, ஆதலின் அதனிடம் எவ்வாறு நடந்துகொண்டாலும் தீங்கில்லை என்று எண்ணிவிடுகிறான். இவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதை விருதுநகர் மாவட்டத்து மக்களின் வாழ்க்கையைக் கொண்டே விளக்கலாம்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமி. மேற்கே நிற்கும் மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைத் தன் மறுபுறத்திலேயே வாங்கிக்கொள்கிறது. மலையைக் கடந்து வரும் காற்று வறண்ட காற்றே. மழை பொய்த்த ஆண்டுகளில் உழவும் பொய்த்தது. எனினும் அம்மக்கள் சோர்ந்துவிடவில்லை. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் அங்கே வேரூன்றின. உழவனை வருத்திய வறண்ட காற்றே தீக்குச்சியை உலர்த்தும் துணையாயிற்று. குறையையே நிறையாக்கிக்கொண்ட ஊர் சிவகாசி என்றால் அது மிகையாகாது.

பட்டாசு ஆலையில் வேலை செய்வோர் எத்தகைய கட்டுப்பாட்டுக்குள் வாழ்கின்றனர் என்பதை அறிந்தோர் சிலரே. மருந்து கையாளும் அறைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தல் ஆகாது. உள்ளே நுழைவோர் காலணியை வாயிலுக்கு வெளியே விடவேண்டும். வாயிலருகே பதித்துள்ள செப்புத் தகட்டைக் கையால் தொட்டு, உடலில் தேங்கியுள்ள மின்னூட்டத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். பருத்தி ஆடையே உடுத்தவேண்டும். உராய்ந்தால் பொறி எழுப்பும் இரும்புக் கருவிகளுக்கு அங்கே இடமில்லை. மருந்தைத் தரையில் சிந்தலாகாது. இவ்விதிகளுள் ஒன்று தவறினும் தவறு செய்தவர் மட்டும் அழிவதில்லை, அருகிலிருப்போரும் அழிவர். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தன் நெறி பிறர் உயிருக்குக் காவல் என்னும் உண்மையை அவ்வட்டாரத்து மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை.

இவ்வாறு நாள்தோறும் தீயோடு பழகுவோரின் உள்ளம் ஓய்வு நாளில் நீரை நாடுவது இயல்பன்றோ? வெயிலும் கந்தக நெடியும் அலுமினியத் தூளும் படிந்த உடல் குளிர்ந்த நீருக்கு ஏங்குகிறது. ஆனி, ஆடித் திங்கள்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்த்தால் போதும். குடும்பம் குடும்பமாகக் குற்றாலத்திற்குப் புறப்பட்டுவிடுகின்றனர். சிவகாசியிலிருந்து தென்மேற்கே செல்லும் வழி திருவில்லிபுத்தூர், இராசபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் எனத் தொடர்ந்து தென்காசியை அடைகிறது. வலப்புறத்தே மலைத்தொடர் துணைக்கு வருவதுபோல் கூடவே வருகிறது. கரிசல் மறைந்து வயலும் தோப்பும் தோன்றும். வெப்பக் காற்றில் மெல்ல ஈரம் கலக்கும். செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் அமைந்துள்ள கணவாய் வழியே பருவக்காற்று புகுந்து சாரலைத் தூவுகிறது. விருதுநகருக்கு மழையை மறுத்த அதே மலை, குற்றாலத்தில் அதனை வாரி வழங்குகிறது.

குற்றாலத்தின் சிறப்பு சொல்லில் அடங்குவதன்று. திரிகூட மலையினின்று இறங்கும் சிற்றாறு பேரருவியாய் விழுகையில், இடையே பொங்குமாகடல் என்னும் பாறைக் குழியில் வீழ்ந்து, வேகம் தணிந்து, பின் மக்கள் தலைமேல் இறங்குகிறது. ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி எனப் பிற அருவிகளும் உள்ளன. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடியது இம்மலையின் வளத்தைக் கண்டே. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் வாழ்வின் பிற்பகுதியை இவ்வூரில் கழித்துத் தமிழின்பத்தை நண்பர்க்கு வாரி வழங்கினார். இவை யாவற்றினும் மேலான சிறப்பு ஒன்று உண்டு. அருவிக்குக் கதவில்லை, செல்வர்க்கு ஒரு நீர், ஏழைக்கு ஒரு நீர் என்னும் வேற்றுமையில்லை. ஆலை முதலாளியும் ஆலைத் தொழிலாளியும் ஒரே நீரின் கீழ்த் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றனர்.

ஆனால் அந்நீரின் கீழ் நிகழ்வன யாவும் போற்றத்தக்கனவா? எண்ணெயும் சோப்பும் சீயக்காயும் பாறைமேல் வழிகின்றன. கிழிந்த உறைகளும் பழைய ஆடைகளும் பாறை இடுக்குகளில் சிக்கிக் கிடக்கின்றன. முதியவரையும் குழந்தையையும் தள்ளிவிட்டு வலியவர் முன் செல்கின்றனர். அருவியின் முழக்கத்தை விஞ்ச முயல்வதுபோல் கூச்சல் எழுகிறது. அருவியில் எண்ணெய், சோப்பு முதலியவற்றைப் பயன்படுத்தலாகாது என்று 2014-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட நேர்ந்தது. நீராடும் முறையை நீதிமன்றம் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை ஒரு சமுதாயத்துக்குப் பெருமை தருவதாகுமா?

அருவியில் வழிந்த அழுக்கு பாறையோடு நின்றுவிடுவதில்லை. குற்றாலத்தில் விழும் நீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரவருணியோடு கலக்கிறது. இராசபாளையத்திற்கு மேற்கே உள்ள ஐயனார் அருவியின் நிலையும் இத்தகையதே; அங்கே ஓடிவரும் நீர் இராசபாளையம் மக்களின் குடிநீருக்குப் பயன்படுகிறது. மேலே ஒருவன் கழுவிய அழுக்கு கீழே ஒரு குழந்தையின் குவளையை அடையலாம். பட்டாசு அறையில் ஒருவன் செய்யும் பிழை அண்டையிலிருப்போனைச் சுடுகிறது. அருவியில் ஒருவன் செய்யும் பிழை தொலைவிலிருப்போனை நலிகிறது. முன்னதன் பயன் நொடியில் தெரிகிறது; பின்னதன் பயன் நாள் கழித்துத் தெரிகிறது. வேறுபாடு இவ்வளவே.

தீயும் நீரும் ஒன்றாய்க் கூடும் இடங்களும் உலகில் உண்டு. அவையே வெந்நீர் ஊற்றுகள். நிலத்தின் ஆழத்தில் உள்ள வெப்பம் நீரைச் சுடவைத்து மேலே அனுப்புகிறது. இலங்கையில் திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளைத் தமிழர் பலர் அறிவர். எரிமலைகள் மிகுந்த ஜப்பான் நாட்டிலோ இத்தகைய ஊற்றுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றைச் சுற்றி மலையிடுக்குகளில் சிற்றூர்கள் அமைந்துள்ளன. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்துக் களைத்தோர் ஓய்வு நாடி அங்கே செல்கின்றனர்.

அவர்கள் நீராடும் முறை கருதத்தக்கது. ஊற்றுநீர் நிறைந்த குளத்தில் எவரும் நேரே இறங்குவதில்லை. குளத்தின் புறத்தே சிறு மணைகள் இடப்பட்டிருக்கும். அவற்றின்மேல் அமர்ந்து, சோப்பிட்டு உடலை நன்கு கழுவி, நுரை முற்றும் போனபின்னரே குளத்தில் இறங்குவர். நீண்ட கூந்தலை முடித்துக்கொள்வர். கையிலுள்ள சிறு துண்டும் நீரில் படாதபடி காப்பர். நீந்துவதும் நீரை வாரி இறைப்பதும் இல்லை. பேசினாலும் மெல்லப் பேசுவர். உடலின் அழுக்கைப் போக்குவது வேறு, நீரில் திளைப்பது வேறு என்பது அவர்கள் கொள்கை.

கியூஷு தீவில் அசோ எரிமலைக்கு வடக்கே குரோகாவா என்னும் சிற்றூர் உள்ளது. 1964-ஆம் ஆண்டில் அவ்வழியே மலைச்சாலை ஒன்று திறக்கப்பட்டபோது சிறிது காலம் விருந்தினர் மிகுந்தனர். பின்னர் வருகை குறைந்தது. விடுதிக்காரர் ஒருவர் மட்டும் சோர்வடையாமல், தம் விடுதியின் பின்புறப் பாறையைத் தம் கையால் உளிகொண்டு குடைந்து குகைக் குளம் அமைத்தார். மலையிலிருந்து மரங்களைக் கொணர்ந்து நட்டார். ஏனையோரும் அவர் வழியைப் பின்பற்றித் திறந்தவெளிக் குளங்களை அமைத்தனர். ஆனால் இரண்டு விடுதிகளுக்குக் குளம் அமைக்க இடமில்லை. அவர்களைக் கைவிடுவதற்கு மாறாக, 1986-ஆம் ஆண்டில் மரத்தாலாகிய நுழைவு வில்லை ஒன்றை ஊரார் ஏற்படுத்தினர். அதனைப் பெற்றவர் தாம் விரும்பும் மூன்று விடுதிகளின் குளங்களில் நீராடலாம் என வகுத்தனர். தனித்தனியே நாட்டிய விளம்பரப் பலகைகளையும் அகற்றினர். ஊர் முழுவதும் ஒரே விடுதி. தெருக்கள் அதன் நடைகள். விடுதிகள் அதன் அறைகள் என்னும் எண்ணம் அவர்களிடம் வளர்ந்தது. அவ்வூரின் அமைதி இயற்கை மட்டும் தந்ததன்று; ஊராரும் விருந்தினரும் கூடிக் காத்ததாகும்.

'ஆறு நாளும் விதிக்குக் கட்டுப்பட்டு உழைப்பவன் ஏழாம் நாளிலேனும் மனம்போல் மகிழலாகாதா? மகிழச் சென்ற இடத்திலும் விதியா?' என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வியில் நியாயம் உண்டு. உழைப்பவனின் ஓய்வு அவனது உரிமை. அதனை இழித்துப் பேசுவோர் உழைப்பின் அருமை அறியாதவர். எனினும், ஒருவன் மனம்போல் மகிழும்போது அவன் அருகே நிற்கும் மற்றொரு தொழிலாளியின் மகிழ்ச்சி கெடுமாயின், அங்கே ஓய்வு என்பது வலியவனுக்கு மட்டுமே உரியதாகிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை அருவி காண வந்த மூதாட்டி நெரிசலுக்கு அஞ்சிக் கரையிலேயே அமர்ந்து திரும்பினால், அவளது உரிமையைப் பறித்தவர் யார்? நெறி மகிழ்ச்சிக்குத் தளையன்று. அதனை எல்லார்க்கும் பங்கிட்டு அளிக்கும் படி.

ஜப்பானிய விடுதியின் குளத்துக்கு உடையவர் உண்டு. காவலும் கட்டணமும் உண்டு. குற்றால அருவிக்கு அத்தகைய உடையவர் இல்லை. ஆதலின் அதற்கு நெறி வேண்டுவதில்லை என்பது பொருந்தாது. உடையவர் இல்லாத பொருளுக்கு ஒவ்வொருவரும் உடையவரே. கட்டணமில்லாத நீரைக் காப்பது கட்டுப்பாடுள்ள நெஞ்சம் ஒன்றே.

நீரின் அருகே நெறி தவறுவது உயிருக்கும் இடையூறாகும். அருவிக் கரையில் வெயில் அடிக்கும்போதே மலையுச்சியில் மழை கொட்டக்கூடும்; அவ்வெள்ளம் முன்னறிவிப்பின்றிக் கீழே வந்துவிடும். 2015-ஆம் ஆண்டு மே திங்களில், விருதுநகர் மாவட்ட எல்லையில் உள்ள சதுரகிரி மலையில் திடீர் வெள்ளம் பெருகி அடியார் சிலரின் உயிரைக் கொண்டது. 2024-ஆம் ஆண்டு மே திங்களில் பழைய குற்றாலத்தில் பெருகிய வெள்ளம் பதினேழு வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. காவலர் ஊதும் ஊதல் ஒலியைக் கேட்டவுடன் கரையேறுவது கோழைத்தனமன்று. செப்புத் தகட்டைத் தொட்டபின் அறைக்குள் செல்வதைப் போன்ற அறிவுடைமையே ஆகும்.

நெறியை மக்கள்மேல் மட்டும் சுமத்துவதும் முறையாகாது. சோப்பிட்டுக் குளிக்க அருவிக்கு அப்பால் குழாயடி வேண்டும். பெண்கள் உடை மாற்றத் தூய்மையான அறைகள் வேண்டும். குப்பையை இட இடமும், அதனை அன்றாடம் அகற்ற ஆளும் வேண்டும். ஜப்பானியர் குளத்தருகே கழுவுமிடம் அமைத்த பின்னரே கழுவிவிட்டு வருமாறு விருந்தினரைக் கேட்கின்றனர். வழி செய்து கொடுத்தவரே விதி சொல்லத் தகுதியுடையவர்.

கூட்டம் குறைந்த இடங்களுக்கு இந்நெறி இன்னும் மிகுதியாக வேண்டும். திருவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில் காட்டோடைகள் சலசலத்து ஓடுகின்றன. அங்குள்ள காடு 1988-ஆம் ஆண்டில் சாம்பல் நிற அணில்களின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது; 2021-ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. மரத்துக்கு மரம் கிளை வழியே செல்லும் அவ்வணில் மனிதரின் ஆரவாரத்தை விரும்புவதில்லை. அமைதியைத் தேடிச் செல்பவர் தாம் தேடிய அமைதியைத் தாமே கலைத்துவிட்டுத் திரும்புவது பேதைமையன்றோ?

தீபாவளி கழிந்ததும் பட்டாசு ஆலைகள் சில நாள் மூடப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழையால் அருவிகளில் மீண்டும் நீர் பெருகும் காலம் அது. நாடெங்கும் பிறர் இல்லங்களில் ஒளியேற்றிய கைகள் தம் களைப்பைக் கழுவிக்கொள்ள நீரைத் தேடிச் செல்கின்றன. அக்கைகள் நெறியறியாத கைகளல்ல. ஓர் இம்மி மருந்தையும் சிந்தாமல் காக்கும் கைகள். தீயின்முன் அவை காட்டும் பொறுமையையும் தூய்மையையும் அண்டையிலிருப்போர்பால் கொள்ளும் கருத்தையும் நீரின்முன்னும் காட்டுமாயின், குற்றாலம் மற்றெந்த நாட்டின் ஊற்றூருக்கும் இளைத்ததாகாது. தீயை அஞ்சிக் காத்த நெறியால் நீரை அன்பினால் காத்தல் வேண்டும். அதுவே நீராடும் நெறி.