பாட்டுப் பெட்டியின் பயன்படாப் பொத்தான்கள்

‘வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?’ என்று நம் பாட்டிமார் கேட்பதுண்டு. கணினி உலகில் வளரும் மாணவியராகிய நமக்கு இப்பழமொழி எவ்வளவு பொருத்தம்! ஆங்கிலம் பேசிப் பழகப் புதிய செயலி வேண்டும், பாடம் கேட்கப் புதிய கைப்பேசி வேண்டும், பாடற்குழுவுக்கு வெளியிலிருந்து ஆசிரியர் வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்கிறோம். ஆனால் வீட்டுக் கணினியிலுள்ள பாட்டுக் கருவியை, அதாவது ‘மியூசிக் பிளேயரை’, நாம் பாதிகூடப் பயன்படுத்துவதில்லை. அதில் நாம் தொடும் பொத்தான்கள் மூன்றே: பாடு, நிறுத்து, சத்தத்தைக் கூட்டு. மற்றவற்றையும் அறிந்துகொண்டால் நம் படிப்புக்கும் வீட்டுக்கும் நன்மை உண்டு என்பதே பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, அறிஞர் அண்ணா பிறந்த நாளில், நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அக்காமாரும் அண்ணன்மாரும் பெற்ற அத்தகைய கணினிகள் இன்றும் பல வீடுகளில் உள்ளன. பேட்டரி போய்விட்டதால், சுவரில் செருகினால்தான் அவற்றுக்கு உயிர் வரும். இணைய இணைப்பும் இராது. ஆயினும் கவலை இல்லை. பாட்டுக் கருவிக்கு இணையம் தேவையில்லை. ஒரு பென் டிரைவ் போதும்.

இக்கருவிகளுள் பலரும் அறிந்தது வி.எல்.சி. பெரிய வணிக நிறுவனம் ஒன்று இதை உருவாக்கியிருக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மை வேறு. 1996-இல் பிரான்சு நாட்டின் எகோல் சென்ட்ரால் பாரிஸ் என்னும் பொறியியல் கல்லூரி மாணவர்கள், தங்கள் வளாகத்துக் கணினிகளில் ஒளிக்காட்சி பார்ப்பதற்காகத் தொடங்கிய முயற்சியே இது. 2001-இல் யாவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தந்து வெளியிட்டார்கள். 2022-இல் இதன் இணையதளம் நம் நாட்டில் சில மாதங்கள் முடக்கப்பட்டிருந்து, நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. மாணவர் செய்த கருவியை மாணவியர் நாம் முழுதும் அறிய வேண்டாமா?

முதலாவது, வேகம். அக்காலத்து இசைத்தட்டையோ நாடாவையோ மெதுவாகச் சுழற்றினால், பாடுபவரின் குரலும் கீழிறங்கிக் கரகரப்பாகிவிடும். கணினி அப்படிச் செய்வதில்லை. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கிறது. விசைப்பலகையில் சதுர அடைப்புக்குறிகள் இரண்டு உள்ளன. இடப்பக்கக் குறியைத் தட்டினால் வேகம் குறையும். வலப்பக்கக் குறியைத் தட்டினால் கூடும். சமக்குறியைத் தட்டினால் பழைய நிலைக்குத் திரும்பும். ஆங்கில உரையாடல் ஒன்று புரியவில்லையா? முக்கால் வேகத்தில் கேட்டால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே காதில் விழும். முன்பே கேட்ட ஒரு மணி நேரப் பாடத்தைத் தேர்வுக்கு முன் மீண்டும் கேட்க வேண்டுமா? ஒன்றேகால் வேகத்தில் 48 நிமிடத்தில் முடித்துவிடலாம்.

இரண்டாவது, திரும்பத் திரும்பக் கேட்டல். ‘வியூ’ என்ற பட்டியலில் ‘அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்’ என்பதைத் தேர்ந்தால், கீழே சில புதிய பொத்தான்கள் தோன்றும். அவற்றுள் ‘ஏ’, ‘பி’ என்று குறித்த பொத்தானை ஒரு வரியின் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் அழுத்தினால், அந்த வரி மட்டும் நாம் போதும் என்னும் வரை ஒலிக்கும். பாடற்குழுவில் ஆல்ட்டோ குரல் பாடுவோர் படும் பாடு யாவரும் அறிந்ததே. மேல்குரலே காதில் நிற்கும். தங்கள் வரி நழுவிவிடும். ஆசிரியை ஆல்ட்டோ வரியைத் தனியே ஒருமுறை பாடிப் பதிவு செய்து தந்தால் போதும். ஒரே வரியை இருபது முறை கேட்டுப் பாட வீட்டிலேயே வழி பிறக்கும். இயந்திரத்துக்குச் சலிப்பும் இல்லை, கோபமும் இல்லை!

மூன்றாவதாக நாங்கள் சொல்வதே முக்கியமானது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூரிலும் வேலை செய்யும் பெற்றோர் நம்மில் பலருக்கு உண்டு. இரவு ஷிப்டு முடிந்து காலையில் வந்து படுக்கும் அப்பாவுக்கு, ஒரே அறையுள்ள வீட்டில் நம் பாட்டுச் சத்தம் எப்படி இருக்கும்? இரவெல்லாம் இயந்திர ஓசை கேட்ட காதல்லவா அது? பேச்சுத் தெளிவாக இல்லையென்றால் நாம் உடனே சத்தத்தைக் கூட்டுகிறோம். அதற்குப் பதிலாக, ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ்’ என்பதைத் திறக்கலாம். அங்கே பத்துத் தண்டுகளைக் கொண்ட ஈக்வலைசர் உள்ளது. இடப்பக்கத் தண்டுகளைச் சற்று இறக்கினால் மின்விசிறியின் உறுமல் போன்ற கனத்த ஒலிகள் அடங்கி, பேச்சு முன்னே வரும். அருகிலுள்ள ‘கம்ப்ரசர்’ உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும். இவ்வாறு குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கலாம்.

காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் பிறருக்குத் தொல்லை இல்லை என்பார் சிலர். நம் காதுக்கு? உரத்த ஒலியைக் கேட்டுக் கேட்டுச் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்ட இளையோர் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. பெரியவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம்; சிறுவர்க்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல்தான் எல்லை என்பது அதன் அறிவுரை. வி.எல்.சி.யிலோ ஒலி அளவு நூறு விழுக்காட்டையும் தாண்டிச் செல்லும். செல்லும் என்பதற்காக நாம் செல்ல வேண்டுமா?

‘பாட்டுக் கருவியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் படிப்பை விட்டுப் பாட்டே கதியென்று கிடப்பார்கள்’ என்று பெற்றோர் அஞ்சலாம். அவர்களுடைய அச்சம் அன்பினால் எழுவது. அதை நாங்கள் எளிதாக எண்ணவில்லை. ஆனால் கத்தியைப் பூட்டி வைத்தால் சமையல் பழக முடியுமா? மூன்று பொத்தான்களை மட்டும் அறிந்த பெண்ணுக்கு அது வெறும் பாட்டுப் பெட்டி. எல்லாம் அறிந்தவளுக்கு அது பாட அறை, பாடற்குழு, மொழி ஆசிரியை.

ஆகவே எங்கள் விண்ணப்பங்கள் இரண்டு. முதலாவது, மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் வரும் ஆண்டில் கணினிப் பாடவேளை ஒன்றை இதற்கென ஒதுக்கித் தர வேண்டும். நாற்பது நிமிடம் போதும். கற்றதை ஆறாம் வகுப்புத் தங்கையருக்கு நாங்களே கற்பிப்போம். இரண்டாவது, பெற்றோர் வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை எங்களிடம் தர வேண்டும்.

அன்புத் தோழியரே, புதியது வேண்டும் என்று கேட்கும் முன், இருப்பதைத் திறந்து பார்ப்போம். அதற்குக் காசு செலவில்லை. கொஞ்சம் பொறுமையும் ஆர்வமும் இருந்தால் போதும். இன்று மாலையே தொடங்குவோம். ஆனால் அப்பா தூங்குகிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்வோம்!