காசை மோதிரமாக்கும் முன்னாடி...

காசுல மோதிரம் செய்யறது அருமையான பொழுதுபோக்கு. ஆனா எந்தக் காசுல செய்யலாம், எதுல கூடவே கூடாதுங்கறதுல எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

செய்முறை சுலபம்தான். காசோட நட்டநடுவுல ஓட்டை போடணும். மங்கலா சிவக்கிற வரைக்கும் காய்ச்சித் தண்ணில போட்டா வெள்ளி இளகிக் கொடுக்கும். நுனி சிறுத்து அடி பருத்த இரும்புத் தண்டுல மாட்டி, நைலான் சுத்தியலால சுத்திச் சுத்தித் தட்டினா, குடை மடங்கற மாதிரி மடங்கி வளையமாயிடும். தட்டத் தட்ட வெள்ளி இறுகும், அப்பப்ப மறுபடி காய்ச்சணும். அவசரப்பட்டா விரிசல் விட்டுடும். ஓரத்துல இருக்கிற எழுத்தெல்லாம் அப்படியே மோதிரத்துல நிக்கும் பாருங்க, அதுதான் அழகே!

நான் இங்க அமெரிக்காவுல முதல்ல பழகினது குவார்ட்டர்ல. (நம்மூர் ஞாபகம் வரவேண்டாம், இது கால் டாலர் காசு :-) ) 1964 வரைக்கும் வருசம் போட்டதுல 90 சதவீதம் வெள்ளி. 1965-லேர்ந்து தாமிரமும் நிக்கலும்தான். ஏமாத்தற நோக்கம் இல்லாம காசை உருமாத்தினா இங்க குற்றமில்லை. இந்தியாவுல அப்படி இல்லீங்க. 2011 நாணயச் சட்டப்படி செல்லுபடியாகற காசை உருக்கினாலோ அழிச்சாலோ ஏழு வருசம் வரைக்கும் ஜெயில். விளையாட்டுக்குக்கூட கை வைக்காதீங்க.

சரி, பட்ட கதைக்கு வர்றேன். எங்க அப்பத்தா வச்சிருந்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் மூணு என்கிட்ட இருந்துச்சு. பெட்டியில கறுத்துக் கிடக்கறதை விட விரல்ல கிடக்கட்டுமேன்னு ஒண்ணை எடுத்து மோதிரமாக்கினேன். பிரமாதமா வந்துச்சு. அப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன். போன்ல அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"வருசம் எங்கடா?"

குவார்ட்டர்ல வருசம் ஓரத்துல இருக்கும், தப்பிச்சிடும். அந்த ரூபாய்ல பூவேலைப்பாடுதான் ஓரத்துல. 1918-ங்கறது நடுவுல. ஓட்டை போட்டப்போ முதல்ல போனதே அதுதான். 1918 அப்பத்தா பொறந்த வருசமாம். அதனாலதான் அந்தக் காசைத் தனியா துணியில முடிஞ்சு வச்சிருந்திருக்காங்க. முடிச்சை அவிழ்த்த எனக்கு ஏன்னு கேக்கத் தோணலை.

பழைய காசை எல்லாம் பூட்டி வைக்கணும்னு சொல்ல வரலை. 1964-ல மட்டும் குவார்ட்டர் நூறு கோடிக்கு மேல அடிச்சிருக்காங்க. அதுல நாலு மோதிரமானா யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டுக் காசுன்னா மட்டும் ரெண்டு வேலை செய்யுங்க. நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க. வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா, இது ஏன் இத்தனை நாள் இருக்குன்னு கேளுங்க. அதுக்கப்புறம் ட்ரில்லைக் கையில எடுங்க.

மீதி ரெண்டு ரூபாயையும் பழையபடி துணியில முடிஞ்சு வச்சிட்டேன். மோதிரத்தை அப்பா வாங்கிக்கிட்டார். இன்னும் போட்டுத்தான் இருக்கார். கோபமா இல்லையான்னு நான் கேக்கலை.