கைத்தொழில் பக்கம்: கோடு கிழிக்க ஒரு கத்தி



சென்ற மாதம் என் மாணவன் ஒருவன் ரப்பர் மரப் பலகையில் நான்கு கால் வைத்த சிறு மணை ஒன்று செய்தான். அளவெல்லாம் சரி, ஆனால் தரையில் வைத்தால் ஆடியது. அவனை அழைத்துப்போக வந்த தாத்தா, அந்நாளில் பால்மரம் வெட்டியவர், பென்சில் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரய்யா, கோடு இவ்வளவு தடியா இருந்தா பிள்ளை எந்தப் பக்கம் அறுப்பான்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம்தானே? மழுங்கிய பென்சில் அரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்த கோடு போடும். ஒரு காலைக் கோட்டின் உட்புறமும் மறு காலை வெளிப்புறமும் அறுத்தால் மணை ஆடாமல் என்ன செய்யும்? கத்திக் கோட்டுக்குத் தடிப்பு இல்லை. அது மர நாரையும் அறுத்துவிடுவதால் விளிம்பு பிய்யாது.

இது நமக்குப் புதிதன்று. புது மரத்தில் பால் வெட்டத் தொடங்குமுன், தகட்டை வைத்து, இடப்புற மேலிருந்து வலப்புறம் கீழாகச் சுமார் 30 பாகைச் சரிவில் கோடு கிழிப்பார்கள். பிறகு பட்டையைச் சீவும் கத்தி, உள்ளே மரம் வளரும் மெல்லிய தோலுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்பே நிற்க வேண்டும். அந்த நிதானம் நம் பெரியவர்களின் கையில் இருந்தது.

கடையில் வாங்குவதானால், ஒரு பக்கம் முழுத் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும் உள்ள கத்தியைப் பாருங்கள். தட்டைப் பக்கம்தான் மூலைமட்டத்தை ஒட்டி ஓடும். இரு பக்கமும் சரிந்த கத்தி மட்டத்தை விட்டு விலகும். இடக்கைக்காரருக்குச் சரிவு எதிர்ப்புறம் இருக்க வேண்டும்.

வீட்டிலும் செய்யலாம். தேய்ந்த பழைய அரம் ஒன்று போதும். அதன் எஃகு கடினமானது. ஆனால் எளிதில் நொறுங்கும். முதலில் ஒரு பக்கத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, ரொட்டி சுடும் அடுப்பில் சுமார் 200 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெளிறிய வைக்கோல் நிறம் வந்தால் பதம் சரி. பிறகு முனையைச் சாய்வாகவும், வாயை 25 முதல் 30 பாகைச் சரிவாகவும் சாணை பிடியுங்கள். கண்ணாடி அணியாமல் சாணை முன் நிற்காதீர்கள்.

என் முதல் கத்தியை நானே கெடுத்தேன். அவசரத்தில் தண்ணீரில் தோய்க்காமல் சாணையில் அழுத்திப் பிடித்தேன். முனை நீலம் பாய்ந்தது. நீலம் கண்டால் அந்த எஃகு இளகிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியைத் தேய்த்து நீக்கிவிட்டு மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை. சற்றே தேய்ப்பது, உடனே தோய்ப்பது, இதுவே முறை.

தீட்டுவதற்கு முதலில் தட்டைப் பக்கத்தைக் கல்லில் சமமாக்குங்கள். பிறகு சரிவைத் தீட்டுங்கள். மறுபுறம் விரலுக்குப் பிசிர் தட்டுப்படும்போது கத்தியைத் திருப்பித் தட்டைப் பக்கத்தை ஓரிரு முறை இழுத்தால் பிசிர் போய்விடும்.

கோடு கிழிக்கும்போது முதல் இழுப்பு மெல்ல இருக்கட்டும். அழுத்தினால் கத்தி மர நாரின் போக்கில் ஓடிவிடும். இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் ஆழப்படுத்துங்கள். வேலை முடிந்ததும் முனையில் ரப்பர் குழாய்த் துண்டை மாட்டுங்கள். பெரியவர் அருகில் இல்லாமல் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது.

1990-களில் நம் தோட்டங்கள் பலவற்றின் இடத்தில் புக்கிட் பெருந்துங் நகர் எழுந்தது. பாலுக்காக வளர்த்த மரம் இன்று நாற்காலியாகவும் மேசையாகவும் வெளிநாடு போகிறது. பால் வெட்டிய கைகள் மட்டும் வீட்டில் சும்மா இருக்கின்றன.

மறுவாரம் அந்தத் தாத்தா தம் பழைய தீட்டுக்கல்லோடு பள்ளிக்கு வந்தார். பேரன் புதிதாகக் கோடு கிழித்து நான்கு கால்களையும் அறுத்தான். மணை ஆடவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படியொரு கல் கிடக்கிறதா, பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.