பெயரும் எண்ணும் ஒன்றா?

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி, சிங்கப்பூரின் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையம் தனது ‘பிஸ்ஃபைல்’ இணையத்தளத்தைப் புதுப்பித்துத் திறந்தது. அதில் ஒருவர் பெயரைத் தேடினால், அவருடைய அடையாள அட்டை எண் ஓர் இலக்கமும் மறையாமல், காசும் கேளாமல், யாவர் கண்ணுக்கும் தெரிந்தது. 13-ஆம் தேதி இரவு அக்கதவைச் சாத்துவதற்குள் 500,000-க்கு மேற்பட்ட தேடுதல்கள் நடந்துவிட்டன. சாதாரண நாளில் நடப்பவை 2,000 அல்லது 3,000 மாத்திரமே.

பெரிய கம்பெனி டைரக்டர்கள் சங்கதிதானே என்று எண்ணிவிட வேண்டாம். சிராங்கூன் சாலையில் மாலை கட்டி விற்பவரும் தம் பெயரில் தொழிலைப் பதிந்திருந்தால் அப்பட்டியலில் உள்ளவரே.

டிசம்பர் 19-ஆம் தேதி அமைச்சர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அது மரியாதைக்குரிய செயலே. ஆனால் கூடவே சொல்லப்பட்ட சமாதானத்தைத்தான் நாம் ஏற்பதற்கில்லை. எண்ணும் பெயரைப் போன்றதாம், இரகசியமன்றாம், பாதி மறைத்தாலும் கணக்குப் போட்டுக் கண்டுகொள்ளலாமாம்!

நான் தோட்டத்தில் செக்ரோல் எழுதும் கிராணி. பெரட்டுக் களத்தில் ஆட்களின் பெயரை உரக்கக் கூப்பிடுகிறோம். அவர்களுடைய அட்டை எண்ணை எவரும் கூவுவதில்லை. அது ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. பெயர் அழைப்பதற்கு, எண்ணோ பல இடங்களில் கதவு திறப்பதற்கு. அவ்வாறு ஆக்கியவர்கள் ஏழை மக்களா? 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, சட்டம் கேட்டாலோ, ஆள் இன்னாரென்று மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ அன்றி இவ்வெண்ணைத் தனியார் வாங்கலாகாது என்று விதித்ததும் இதே நாட்டின் ஆணையமன்றோ? ஐந்தாண்டு மறைக்கப் பழக்கிவிட்டு, ஒரே நாளில் திறந்து காட்டினால் ஜனங்கள் திகைக்காமல் என் செய்வர்?

எண்ணைக் கடவுச்சொல்லாகக் கொள்வது தவறு என்பது மெய்தான். அங்ஙனமாயின் முதலில் பூட்டை மாற்றி, அதன் பிறகல்லவா சாவியைத் தெருவில் போடவேண்டும்? ஆளை உறுதிசெய்ய இவ்வெண்ணைப் பயன்படுத்துவதை விடுங்கள் என்று தனியார் நிறுவனங்களுக்கு அறிவுரை வந்தது 2025 ஜூனில். வெள்ளம் போன பின் அணை!

நிற்க. கடன் கொடுப்பவனும் கூட்டுச் சேர்பவனும் எதிராளி யாரென்றறியப் பொதுப்பதிவேடு அவசியமே. அதற்கு எண் வேண்டியதில்லை என்பதை ஆணையமே மெய்ப்பித்துவிட்டது: டிசம்பர் 28-ஆம் தேதி அத்தேடுதல் மீண்டும் திறந்தபோது எண்ணே அதில் காணப்படவில்லை.

தோட்டத்திலும் டவுனிலும் உள்ள தோழர்களே! உங்கள் எண்ணைப் பிழையின்றி ஒப்பித்து, “சர்க்கார் ஆபீசிலிருந்து பேசுகிறேன்” என்று எவனேனும் தொலைபேசியில் அழைத்தால், அதை அத்தாட்சியாகக் கொள்ளாதீர். போனை வைத்துவிட்டு, அந்த ஆபீசுக்கு நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள்.