வாக்கிங் போக ஒரு ஸ்கூட்டர்

முதல்ல ஒண்ணை ஒத்துக்கிடறேன். ரொம்ப வருஷமா நான் முகப்பேர்லேர்ந்து அண்ணா நகர் டவர் பார்க்குக்கு ஸ்கூட்டர்ல போய், நாலு ரவுண்டு நடந்துட்டு, திரும்ப ஸ்கூட்டர்லயே வீட்டுக்கு வர்ற ஆசாமி. (சிரிக்காதீங்க. பார்க் வாசல்ல நிக்கிற வண்டிகளைப் பார்த்தா நான் மட்டும் இல்லைன்னு தெரியும்.)

உலக சுகாதார நிறுவனம் 2018-ல ஒரு செயல்திட்டம் வெளியிட்டுச்சு. போதுமான உடலசைவு இல்லாதவங்க விகிதத்தை 2030-க்குள்ள 15 சதவீதம் குறைக்கணுமாம். நடையும் சைக்கிளும் சர்க்கரை, பி.பி.க்கு மட்டும் நல்லதில்லை. புகை குறையும், நகரம் மூச்சு விடும், அதனால ஐ.நா.வோட நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கும் கை கொடுக்கும்னு அதுல சொல்றாங்க. படிச்சதும் "ஆமா, நான் நாலு ரவுண்டு அடிச்சா உலகம் உருப்பட்டுடுமாக்கும்"னுதான் தோணுச்சு.

என் நாலு ரவுண்டால ஒண்ணும் ஆகாது, அது நிஜம். பெட்ரோல்தான் செலவு. நடை எப்போ ஸ்கூட்டரை வீட்டுல நிறுத்துதோ, அப்போதான் அந்தக் கணக்கு ஆரம்பிக்குது.

இதுக்கு ஜெனீவா வரைக்கும் போக வேண்டாம், புதுக்கோட்டை போதும். 1990-களோட தொடக்கத்துல அறிவொளி இயக்கத்துல எழுத்தறிவோட சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல் குவாரியில வேலை பார்த்தவங்க, வயல் வேலைக்குப் போனவங்க, கிராம நர்ஸுங்கன்னு ஆயிரக்கணக்கான பேர் ஓட்டினாங்க. யாரும் அதை உடற்பயிற்சின்னு நினைக்கலை. பஸ்ஸுக்கும் காத்திருக்க வேணாம், வீட்டு ஆம்பளைக்கும் காத்திருக்க வேணாம், அவ்வளவுதான். ஆரோக்கியம், பெண் விடுதலை, சுற்றுச்சூழல்னு தனித்தனியா யாரும் திட்டம் போடலை. ஒரே சைக்கிள் கேரியர்ல எல்லாம் ஏறிக்கிச்சு.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வர்றேன். 2022 கணக்குப்படி இந்தியாவுல வயது வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் போதுமான உடலசைவு இல்லை. பெண்கள்ல 57 சதவீதம், ஆண்கள்ல 42. ஆனா காலையில ஆறரைக்கு எங்க தெருவுல நின்னு பாருங்க. வீட்டு வேலைக்கு வர்ற அக்காக்கள் நடந்துதான் வர்றாங்க. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போற பசங்க பலர் சைக்கிள்லதான் போறாங்க. உலகம் கேக்கிற நீடித்த வளர்ச்சியை இவங்கதான் தினம் செஞ்சுக்கிட்டிருக்காங்க, வேற வழியில்லாம. அவங்களுக்குன்னு விட்ட இடம் என்ன? சாக்கடை மூடிக்கும் பைக் வரிசைக்கும் நடுவுல ஒண்ணரை அடி.

போன மாசம் அதுல எங்கம்மாவும் மாட்டினாங்க. சர்க்கரை இருக்கு, தினம் நடங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நடைபாதை முழுக்க வண்டி நின்னதால ரோட்டுல இறங்கி நடந்திருக்காங்க. பின்னாடி வந்த பைக் இடிச்சதுல மணிக்கட்டு எலும்பு விட்டுப்போச்சு. இடிச்ச பையனைத் திட்டித் தீர்த்துட்டு வீட்டுக்கு வந்தா, எங்க கேட்டுக்கு வெளியே என் ஸ்கூட்டர். எங்கேன்னு கேக்கறீங்களா? பாதி நடைபாதை மேல.

2014-லயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்குன்னு தனிக் கொள்கை ஏத்துக்கிட்ட ஊர் இது. இந்தியாவுலயே சென்னைதான் முதல்னு பேசினாங்க. 2019-ல பாண்டி பஜார்ல அகலமான நடைபாதை வந்துச்சு, நல்லாவே இருக்கு. ஆனா பாண்டி பஜாருக்கு நடக்க நான் இங்கேர்ந்து வண்டியிலதானே போகணும்? 2017-லேர்ந்து திருமங்கலத்துல மெட்ரோ ஓடுது. எங்க வீட்டுலேர்ந்து அரை மணி நேர நடை. அந்த அரை மணி நேரத்தை ஒரு வயசானவங்க பயமில்லாம நடக்க முடிஞ்சா, நானும் வண்டியை எடுக்க மாட்டேன், அம்மாவுக்கும் தனியா வாக்கிங் தேவைப்படாது. பார்க்குக்கு இன்னொரு ஜிம் மிஷின் வாங்கறதுக்கு முன்னாடி இதைச் செய்யலாம்ங்கிறதுதான் என் கட்சி.

ஸ்கூட்டரை இப்போ கேட்டுக்கு உள்ளே ஏத்திட்டேன். துளசி மாடத்தை நகர்த்த வேண்டியதாப் போச்சு, அதுக்குத் தனியா திட்டு வாங்கினேன். அம்மா கட்டோட மொட்டை மாடியில நடக்கிறாங்க. தண்ணி டேங்க்லேர்ந்து துணிக்கொடி வரைக்கும் பத்தொன்பது அடி.