ஊடுருவக் கற்பிப்போம், ஒளிவுமறைவின்றி

தமிழகத்தைச் சேர்ந்த இணையப் பாதுகாப்பு ஆய்வாளர் லட்சுமண் முத்தையா, எந்த இன்ஸ்டாகிராம் கணக்கையும் கைப்பற்றக்கூடிய ஓட்டை ஒன்றை 2019இல் கண்டுபிடித்தார். பாஸ்வேர்டை மறந்தவருக்கு இன்ஸ்டாகிராம் 6 இலக்க எண் ஒன்றை அனுப்பும். 10 நிமிடங்களே செல்லுபடியாகும் அந்த எண், 10 லட்சம் எண்களில் ஏதோ ஒன்று. ஒரே இணைய முகவரியிலிருந்து விடாமல் முயன்றால் சர்வர் தடுத்துவிடும். அவரோ 1,000 முகவரிகளிலிருந்து ஒரே சமயத்தில் 2 லட்சம் எண்களை அனுப்பினார். தடை வேலை செய்யவில்லை. இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக் ஓட்டையை அடைத்தது. அவருக்கு 30,000 டாலர் பரிசளித்தது.

அடைபட்ட பிறகு, கண்டுபிடித்த விதத்தை அவர் படிப்படியாக எழுதி வெளியிட்டார். ஒரே நேரத்தில் குவியும் கோரிக்கைகளைச் சர்வர் எப்படிக் கையாள்கிறது என்ற அதே கேள்வியை மைக்ரோசாஃப்ட் கணக்குகளிலும் கேட்டுப் பார்த்தார். அங்கும் ஓட்டை இருந்தது. 2021இல் அதற்கு 50,000 டாலர் கிடைத்தது. அவர் எழுதியதைப் படித்த எந்த மென்பொருளாளரும் தன் ஓடிபி முறையை மறுபடி சோதித்துப் பார்க்க முடியும். ஹேக்கர்கள் கற்றதைப் பகிர்வதால் விளையும் பொதுநன்மை இதுதான்.

தாக்கும் வித்தையை ஊரறியச் சொல்லிக்கொடுத்தால் திருடர்களும் கற்றுக்கொள்ள மாட்டார்களா? நியாயமான அச்சம். 1996இல் ‘ஃபிராக்’ என்ற ஹேக்கர் இதழ், ஒரு நிரலின் நினைவகத்தை நிரம்பி வழியச் செய்து கணினியைக் கைப்பற்றும் முறையை விரிவாக வெளியிட்டது. அதைத் தீய நோக்கில் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஆனால், 1998இலேயே அந்தத் தாக்குதலைத் தடுக்கும் ‘ஸ்டாக்கார்டு’ வந்துவிட்டது. அந்தக் கருத்து இன்று பெரும்பாலான கணினிகளில் இயல்பான காவலாகிவிட்டது. மறைத்து வைத்திருந்தால் அறிந்த சிலர் மட்டும் தாக்கிக்கொண்டிருப்பார்கள். காக்க வேண்டியவர்கள் அறியாமல் இருந்திருப்பார்கள்.

பகிர்வதற்கும் முறை உண்டு. முதலில் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய அவகாசம் தர வேண்டும். பிறகே வெளியிட வேண்டும். கூகுளின் ‘புராஜெக்ட் ஸீரோ’ குழு வழக்கமாகத் தரும் அவகாசம் 90 நாள்கள். பயிற்சிக்கு அடுத்தவர் சர்வரைத் தொடவும் வேண்டியதில்லை. வேண்டுமென்றே ஓட்டைகளோடு உருவாக்கப்பட்ட ‘வெப்கோட்’ போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அமிர்தா பல்கலைக்கழகத்தினர் 2010 முதல் நடத்திவரும் ‘இன்சிடிஎஃப்’ போட்டியில், அதற்கென்றே அமைத்த கணினிகளை ஊடுருவித்தான் மாணவர்கள் கற்கிறார்கள்.

சட்டம் இன்னும் இந்த இடத்துக்கு வந்துசேரவில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஆவது பிரிவு, நேர்மையின்றியோ மோசடியாகவோ ஊடுருவுபவருக்கு 3 ஆண்டுவரை சிறை என்கிறது. நல்லெண்ணத்தோடு சோதிப்பவர் இதில் தப்பலாம். 43ஆவது பிரிவு நோக்கத்தையே கேட்பதில்லை. அனுமதியின்றி நுழைந்தாலே இழப்பீடு கேட்க முடியும். 2010இல், மின்னணு வாக்கு இயந்திரத்தின் பலவீனத்தைச் செய்து காட்டிய ஹைதராபாத் ஹரி பிரசாத், இயந்திரம் திருடப்பட்டதாகச் சொல்லப்பட்ட வழக்கில் கைதானார். 2021இல் தாம்பரத்தைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர், ஐஆர்சிடிசி தளத்தில் பிறருடைய பயண விவரங்கள் தெரிவதைக் கண்டு, மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்புக்கு எழுதினார். சில நாள்களில் ஓட்டை அடைபட்டது. இரண்டாவது நிகழ்வே வழக்கமாக வேண்டும். அது அதிகாரிகளின் பெருந்தன்மையை நம்பி இருக்கக் கூடாது. நல்லெண்ண ஆய்வாளர்மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று அமெரிக்க நீதித் துறை 2022இல் அறிவித்தது. பெல்ஜியம் 2023இல் சட்டப் பாதுகாப்பே தந்துவிட்டது.

இதையெல்லாம் காரைக்காலில் ஏன் பேச வேண்டும்? நாகப்பட்டினத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே, தலைநகர் புதுச்சேரியிலிருந்து 130 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது இந்த மாவட்டம். இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் துறைமுகம் இருக்கிறது. ஓஎன்ஜிசியின் எண்ணெய், எரிவாயுப் பணி இருக்கிறது. லட்சக்கணக்கானோர் திரளும் திருநள்ளாறு கோயில் இருக்கிறது. மூன்றும் இன்று கணினியை நம்பி இயங்குகின்றன. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை 2019 அக்டோபரில் அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. கடலோரத்தின் கோடியில் இருப்பது ஒரு காவலல்ல என்பதற்கு அதுவே சான்று.

காக்கக் கற்பிக்கும் இடமும் இங்கேயே இருக்கிறது. திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் (என்.ஐ.டி.) உண்டு. காமராஜர் பெயரில் அரசுப் பொறியியல் கல்லூரியும் உண்டு. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்குத் தமிழிலேயே இலவசமாகக் கணினி கற்றுத்தருகிறது. அதைப் போல, காரைக்காலின் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் வார இறுதிகளில் என்.ஐ.டி. தன் ஆய்வகத்தைத் திறந்துவிட வேண்டும். பெரும் கட்டணம் கேட்கும் ‘எத்திகல் ஹேக்கிங்’ விளம்பரங்களை நம்பி ஏழை வீட்டுப் பிள்ளை ஏமாற வேண்டியதில்லை. சட்டம் எங்கே கோடு போடுகிறது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும். ஆசிரியரின் கண்பார்வையில் கற்கும் பிள்ளை வழிதவறும் வாய்ப்பு குறைவு.

புதுச்சேரி அரசு செய்ய வேண்டியது எளிது. தன் துறைகளின் இணையதளங்களில் ஓட்டை கண்டால் யாருக்கு எழுதுவது, எத்தனை நாளில் பதில் வரும், நல்லெண்ணத்தோடு எழுதியவர்மீது நடவடிக்கை இராது என்ற மூன்றையும் எழுத்தில் அறிவிக்கட்டும். நாடாளுமன்றம் 43ஆவது பிரிவில் அந்தப் பாதுகாப்பைச் சேர்க்கட்டும். திறமையுள்ள பிள்ளைகளை முதலில் தேடிச் செல்வது கல்லூரியா, மோசடிக் கும்பலா என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு நம்முடையது.